உள்பக்கம் தேய்ந்த டயர்கள்

டயர் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியை வாங்க என்று கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவர் வந்த வண்டியின் முன் சக்கரத்தைப் பார்த்துவிடுவோம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிய ஒரு டயர் கடையில் மூன்று வருஷமாக கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கான்வென்ட்டில் படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று முதலாளி வேலை கொடுத்தார். வண்டி வந்ததும் கார்டு போடுவது என் வேலை. வண்டி நம்பர், கஸ்டமர் சொல்லும் குறை, மெக்கானிக் பாஷா அண்ணன் சொல்லும் காரணம், இந்த மூன்றையும் எழுத வேண்டும். அந்த மூன்றாவது கட்டத்தை எழுதி எழுதித்தான் ஒரு டயர் எதனாலெல்லாம் தேயும் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஏனென்றால் என் மகள் மெர்சி எல்.கே.ஜி. படிக்கிறாள். தினமும் காலை ஏழேகாலுக்கு அவளை ஒரு வேனில் ஏற்றிவிடுகிறேன். லாரிகளுக்கும் வெளியூர் பஸ்களுக்கும் நடுவில், இதே ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் அந்த வேன் தாம்பரத்துக்குப் போகிறது. என் கணவருக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. கொண்டுபோய் விடுவதற்கு வேறு ஆள் இல்லை. பிள்ளையை அனுப்பிவிட்டு, கை ஒரு வேலை செய்ய, காது மட்டும் ரோட்டிலேயே கிடக்கும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அவள் தூங்கின பிறகு, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஹெட்மாஸ்டர் அடித்த காற்று

ரிட்டையரான ஹெட்மாஸ்டர் ஒருவர் கூடுவாஞ்சேரியிலிருந்து தன் ஃபியட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத டயர். டயரின் மேலே கட்டம் கட்டமாக இருக்கிறதே, அதைக் கடையில் பட்டன் என்போம். இரண்டு ஓரத்திலும் பட்டன் புதுசு போல இருந்தது, நடுவில் மட்டும் வழித்துவிட்டது மாதிரி தேய்ந்திருந்தது. காற்று அதிகம் என்றார் பாஷா அண்ணன். அளவுக்கு மீறி அடித்தால் டயர் நடுவில் உப்பிக்கொள்ளும், உப்பின இடம் மட்டும் ரோட்டில் உரசும். ஹெட்மாஸ்டர் பெட்ரோல் பங்கில் கூடவே நின்று, கல் மாதிரி ஆகும் வரைக்கும் அடிக்கச் சொல்வாராம். இனி அப்படிச் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டு, புது டயர் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் திரும்ப வந்தார். இப்போது நடுவில் பட்டன் அப்படியே இருந்தது, இரண்டு ஓரமும் மொட்டை. இந்தத் தடவை காற்று குறைவு. டயர் தொய்ந்துபோய் ஓரத்தாலேயே நடந்திருக்கிறது. இப்படி ஓட்டினால் டயர் சூடாகி நடுரோட்டில் வெடித்தாலும் வெடிக்கும் என்று பயமுறுத்துகிற மாதிரியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடி கேட்டார்: "நடுவுல தேயுதுன்னீங்க, குறைச்சேன். இப்போ ஓரத்துல தேயுதுங்கறீங்க. அது எந்த இடத்துலதாம்மா தேயணும்? அத மொதல்ல சொல்லிடுங்க."

தோள்பட்டை வலி

தாம்பரம் ஸ்டாண்டில் அம்பாசடர் ஓட்டும் ஒருவர், முன் டயர் இரண்டும் சீக்கிரம் போய்விடுகிறது என்று வந்தார். பாஷா அண்ணன் என்னைக் கூப்பிட்டு, டயர் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். உள்பக்கமாகத் தடவினால் வழுவழு என்று போனது. வெளிப்பக்கமாகத் தடவினால் ரம்பம் மாதிரி கீறியது. இரண்டு முன் சக்கரமும் ஒரே நேராக இல்லாமல் ஒன்றைப் பார்த்து ஒன்று திரும்பியிருந்தால் அப்படித்தான் ஆகுமாம். வண்டி முன்னால் போகும், டயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் இழுபடும். எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது, நூல் கட்டி, கேஜ் வைத்துத்தான் நேர் செய்வோம். அந்த வேலை நடக்கும்போதுதான், அஞ்சாறு மாசமாக வலது தோள்பட்டை வலிக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன் என்று அவர் சொன்னார். வண்டி இடது பக்கம் இழுத்திருக்கிறது. இவர் தெரியாமலேயே வலது பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டியிருக்கிறார்.

வேலை முடிந்து வண்டலூர் வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போனவர் முகம் வெளுத்துத் திரும்பினார். இத்தனை நாள் இல்லாமல் வண்டி இப்போது வலது பக்கம் ஓடுகிறது, எதிரே வந்த பஸ்ஸில் போய்ச் சேர இருந்தேன் என்றார். பாஷா அண்ணன் தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். ஸ்டியரிங்கை விட்டாலும் வண்டி கோடு போட்ட மாதிரி போகிறது. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வண்டிய நேர் பண்ணிட்டேன்பா. உன் கைய நான் இன்னா பண்றது?"

ஆட்டோவில் வந்த டயர்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் ஒரு குடும்பம் காற்று பார்க்க நின்றது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வலதுபக்க முன் டயரில் அங்கங்கே கரண்டியால் சுரண்டி எடுத்த மாதிரி குழி விழுந்திருந்தது. ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் சக்கரம் ரோட்டில் உருளாமல் குதித்துக் குதித்துப் போகும், குதித்து விழும் இடமெல்லாம் குழி விழும். இதோடு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று பாஷா அண்ணன் சொன்னார். வரும்போது மாற்றிக்கொள்கிறேன் என்றார் அவர். சொல்லியும் மறுத்துவிட்டார் என்று கார்டில் எழுதி, வழக்கம்போல் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். சின்னப் பெண் ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். மெர்சி வயதுதான் இருக்கும்.

பத்து நாள் கழித்து, அந்தக் கணவருடைய அண்ணன் ஒரு கிழிந்த டயரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். திண்டிவனம் தாண்டி வண்டி கவிழ்ந்திருக்கிறது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் காயம், தம்பி பிழைக்கவில்லை. ஓட்டிய தம்பி தூங்கிவிட்டார், அதனால்தான் இப்படி ஆனது என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்களாம், அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறாராம். டயரைப் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள் என்றார். பாஷா அண்ணன் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். குழி விழுந்த இடத்திலிருந்துதான் கிழிந்திருந்தது. தம்பியின் கையெழுத்துப் போட்ட கார்டு என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. டயர் வெடித்ததால்தான் விபத்து, ஓட்டியவர் தூங்கியதால் அல்ல என்று கடை லெட்டர் பேடில் இங்கிலீஷில் எழுதி, பாஷா அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்: "தமிழ்ல எழுதிக் குடும்மா. எங்கம்மாவே படிக்கணும்."

எஃப்.சி. செட்

எங்கள் கடையின் பின்கட்டில், ரிம்மோடு நான்கு வேன் டயர்கள் எப்போதும் தயாராக நிற்கும். அவை விற்பனைக்கு இல்லை. அதற்கு எஃப்.சி. செட் என்று பெயர். வாடகை வண்டிகளும் ஸ்கூல் வேன்களும் வருஷா வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும் இல்லையா? மொட்டை டயரோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் காலையில் எங்கள் செட்டை மாட்டிக்கொண்டு போவார்கள், எஃப்.சி. வாங்கினதும் சாயங்காலமோ மறுநாளோ கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழைய டயரை மாட்டிக்கொள்வார்கள். இந்த ரோட்டில் எங்கள் கடை மட்டும் செய்கிற காரியம் இல்லை இது. யாருக்கு எந்தத் தேதியில் போனது, எப்போது திரும்பி வந்தது என்று ஒரு நீல நோட்டில் நான்தான் எழுதுவேன்.

நானும் ஆரம்பத்தில் இதைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை. ஆட்டோவில் வந்த அந்த டயரைப் பார்த்த பிறகுதான் ஒருநாள் முதலாளியிடம், இது தப்பில்லையா சார் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு மெர்சிக்கு கவுன் எடுத்துக் கொடுக்கிறவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "பரீட்சைக்குப் போற பிள்ளைக்குப் பேனா இரவல் கொடுக்கிறோம், அவ்வளவுதாம்மா. பாஸ் பண்றதும் பெயிலாகறதும் அதுங்க பாடு."

நான் தேர்ந்தெடுத்த வேன்

ஜூனில் மெர்சியைப் பள்ளியில் சேர்த்தபோது எங்கள் தெருப் பக்கம் மூன்று வேன்கள் வந்துகொண்டிருந்தன. மற்ற அம்மாக்கள் டிரைவர் குடிப்பாரா, எத்தனை பிள்ளைகளை அடைக்கிறார் என்று விசாரித்தார்கள். நானும் விசாரித்தேன். அதோடு, பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மூன்று வேனுக்கும் அடியில் குனிந்து, நான்கு நான்கு சக்கரமாகப் பார்த்தேன். முதல் வேனில் ஒரு டயர் ஓரம் மொட்டை. இரண்டாவதில் ஸ்டெப்னியே இல்லை. மூன்றாவது, செல்வம் ஓட்டும் வேன். நான்கு டயரிலும் பட்டன் ஆழமாக இருந்தது. உள்ளங்கையால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன், எந்தப் பக்கமும் கீறவில்லை. அதிலேயே சேர்த்துவிட்டேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் கலாவிடமும், உன் மகன் விக்கியை இந்த வேனிலேயே போடு, டயரெல்லாம் நானே பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். டயர் கடைக்காரி சொல்கிறாளே என்று கலாவும் சேர்த்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

ஐப்பசி மழையில் ஒரு காலை. எங்கள் தெரு முட்டுச்சந்து. வேன் திரும்புவதற்கு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத்தான் ஆக வேண்டும். மெர்சியை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தப் போனவள், ஒடிந்து நின்ற முன் சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்தேன். வெளி ஓரத்தில் பட்டன் இருந்தது. உள் ஓரம் ரப்பரே இல்லாமல், உள்ளே இருக்கும் நூல் வெள்ளையாகத் தெரிந்தது. ஓடும்போதும் நிற்கும்போதும் யார் கண்ணிலும் படாத இடம் அது. நான்கு மாசத்தில் ஒரு நல்ல டயர் எப்படி இந்த நிலைக்கு வரும் என்று எனக்கு விளங்கவே இல்லை. செல்வத்திடம் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்திருக்கிறான்: "அன்னிக்கு நீங்க பாத்தது உங்க கடை டயருதான் அக்கா. எஃப்.சி.க்கு மாட்டிகினு போனோமே, மறுநாளே கழட்டிக் குட்த்துட்டோம்."

மெர்சியை இறக்கினேன்

மெர்சியின் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. போகாதே என்று செல்வத்திடம் சொன்னேன், சத்தமாகச் சொல்லவில்லை. பெல் அடித்துவிடுவார்கள், மெதுவாகத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். உள்ளே பத்துப் பிள்ளைகள். மழையில் அந்த வேன் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறுகிற வரைக்கும் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் மெர்சியோடு கடைக்கு ஓடினேன். நீல நோட்டைப் புரட்டினேன். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், அந்த வேன் நம்பர், எஃப்.சி. செட் நான்கு, என் கையெழுத்தில் இருந்தது. மறுநாள் திரும்பி வந்ததாகவும் நானே எழுதியிருந்தேன். நம்பரை எழுதினேனே தவிர எந்த வேன் என்று பார்க்கவில்லை. முதலாளியிடம் நோட்டைக் காட்டி, மெர்சி போகும் வேன் இதுதான், இப்போது நூல் தெரியும் டயரில் ஓடுகிறது என்றேன். அவர் மெர்சியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பின்கட்டில் நின்ற செட்டைக் கடை டெம்போவில் ஏற்றச் சொன்னார். பாஷா அண்ணன் ஜாக்கியோடு போய், பள்ளிக்கூட கேட் ஓரத்தில் மழையில் உட்கார்ந்தே நான்கையும் மாற்றினார். வேன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. முன் சக்கரத்தை நேராகப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்து, சக்கரம் மேல்பக்கமாக உள்ளே சாய்ந்து ஓடியிருக்கிறது, அதனால்தான் உள் ஓரம் மட்டும் தேய்ந்தது என்று வந்து சொன்னார். காரணம் என்ற கட்டத்தில் அதை எழுதினேன். அந்த வரி மட்டும் கோணலாக இருக்கிறது.

அன்று சாயங்காலம், நான் சொல்லி அந்த வேனில் சேர்ந்த மூன்று வீட்டுக்கும் போனேன். எஃப்.சி. செட்டைப் பற்றிச் சொன்னேன். நோட்டில் எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். இரண்டு வீட்டில் வேன் ஓனரைத் திட்டினார்கள், ஒரு அம்மா என்னைத் தேற்றக்கூடச் செய்தார். கலா மட்டும் கடைசி வரைக்கும் கேட்டாள். விக்கி தரையில் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்: "எல்லாம் சரி ஜெசி. மெர்சியை நீ கீழ இறக்கறப்போ எங்க விக்கி உன் கண்ணுல பட்டானா, இல்லையா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

நான் பதில் சொல்லவில்லை. பட்டான். இங்கேயாவது எழுதுகிறேன்.

வேன் ஓனர் புஷ்ஷை மாற்றினார், புது டயர் வாங்கினார். எங்கள் செட் கடைக்குத் திரும்பி வந்தது. இனி அந்த நோட்டில் எழுத மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சரிம்மா என்றார், கோபிக்கவில்லை. இப்போது அவரே எழுதிக்கொள்கிறார், செட் போய்ப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன். விட்டுவிட்டால் டயர் தேயாமல் இருக்குமா என்று அவர் கேட்டார். கலா பழையபடி பேசுவதில்லை, ஆனால் ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்து என்று செல்வத்திடம் தினமும் சொல்கிறவள் அவள்தான்.

காலை ஏழேகாலுக்கு எங்கள் தெருவில் நாலைந்து அம்மாக்கள் மழையென்றும் சேறென்றும் பார்க்காமல் மண்டி போட்டு வேனுக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஏற்றுகிறோம். இப்படியே போனால் அந்த டயருக்கு முன்னால் எங்கள் முட்டி தேய்ந்துவிடும்.